ஏரிக்கரை வீட்டில் வசந்தம்: ஜன்னலா, கரையா, படகா?

ஏரியைப் பார்த்தபடி ஒரு வீடு அமைந்துவிட்டால், குளிர் விலகத் தொடங்கும் முதல் நான்கைந்து வாரங்களை வீணாக்கவே கூடாது. ஆண்டில் வேறு எப்போதும் ஒரே தண்ணீரில் இத்தனை மாற்றம் இவ்வளவு வேகமாக நடப்பதில்லை. குளிர்காலத்தை இங்கே கழித்த வாத்துகள் உடம்பில் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு கிளம்பத் தயாராகும். வேறெங்கோ குளிர்காலத்தைக் கழித்தவை வந்து இறங்கும். இரண்டு நாள் தங்கிவிட்டுப் போகும் வழிப்போக்கர்களும் உண்டு. இங்கேயே இருப்பவை ஜோடி சேர்ந்து, இடத்துக்குச் சண்டை போட்டு, கூட்டுக்கு முதல் குச்சியைக் கொண்டுவரும். உறைந்து உருகும் ஏரியானாலும் உறையவே உறையாத ஏரியானாலும் இந்தப் பரபரப்பு இருக்கும்.

ஆனால் நமக்குக் கிடைப்பது காலையில் கொஞ்ச நேரம், மாலையில் கொஞ்ச நேரம். அதை எப்படிச் செலவழிப்பது? வீட்டு ஜன்னலிலோ திண்ணையிலோ உட்கார்ந்து பார்ப்பதா, கரையோரமாக நடப்பதா, படகை இறக்கித் தண்ணீருக்குள்ளேயே போவதா? மூன்றையும் பல வசந்தங்களில் செய்து பார்த்திருக்கிறேன். என் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன்: இந்தப் பருவத்துக்கு ஜன்னல்தான் முதலில். கரை அதற்குத் துணை. படகு கோடை வரை காத்திருக்கட்டும். இந்த வரிசை எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. எங்கே மாறும் என்பதையும் சொல்கிறேன்.

ஜன்னல்

ஜன்னலோரம் உட்கார்வதைச் சோம்பேறித்தனம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். பறவைகளைத் தேடிப் போக வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். வேறு பருவங்களில் அதை நானும் ஒப்புக்கொள்வேன். வசந்தத் தொடக்கத்தில் பார்க்க வேண்டியது பறவைகள் செய்யும் காரியங்களை. அதற்கு வேண்டியது நேரம், அதுவும் ஒரே இடத்தில் தொடர்ச்சியாகக் கிடைக்கும் நேரம்.

கொண்டை முக்குளிப்பானை எடுத்துக்கொள்வோம். கரையில் நடந்து போகிறவர் அதைப் பார்த்தால், தண்ணீரில் மிதக்கும் இரண்டு பறவைகள் என்று குறித்துக்கொண்டு அடுத்த வளைவுக்குப் போய்விடுவார். ஒருநாள் காலை ஜன்னலருகே அரை மணி நேரம் அசையாமல் இருந்ததால் எனக்கு முழுக்கதையும் கிடைத்தது. முதலில் இரண்டும் எதிரெதிரே வந்து கழுத்தை நேராக நிமிர்த்தின. உச்சந்தலைக் கொண்டை இரண்டு கொம்பு மாதிரி பிரிந்து நின்றது. கன்னத்தைச் சுற்றியிருக்கும் செம்பழுப்பு இறகுகள் விசிறி போல விரிந்தன. அப்புறம் தலையாட்டல்: இடம், வலம், இடம், வலம் என்று மெதுவாக. நடுநடுவே ஏதோ ஞாபகம் வந்ததுபோல ஒன்று திரும்பித் தன் முதுகிறகைக் கோதும், மற்றதும் கோதும். பிறகு சட்டென்று இரண்டும் முங்கின. எழுந்தபோது இரண்டின் அலகிலும் ஈரப் பாசிக் கொத்து தொங்கியது. தண்ணீரோடு தண்ணீராகத் தலையைத் தாழ்த்தி ஒன்றையொன்று நோக்கி விரைந்து வந்து, நெஞ்சோடு நெஞ்சு சேர்த்து, கால்களால் தண்ணீரை அடித்தபடி செங்குத்தாக எழும்பி நின்றன. சில நொடிகள்தான். அப்புறம் பாசியைப் போட்டுவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல மிதந்தன.

உயிரியலாளர் ஜூலியன் ஹக்ஸ்லி 1912ஆம் ஆண்டு வசந்தத்தில் இங்கிலாந்தின் டிரிங் நீர்த்தேக்கங்களில் இந்தப் பறவைகளைத்தான் உட்கார்ந்து கவனித்தார். 1914இல் அவர் எழுதி வெளியிட்டது, பறவைகளின் நடத்தையைக் களத்திலேயே ஆராயும் துறைக்கு ஒரு தொடக்கப்புள்ளியாக இன்றும் மதிக்கப்படுகிறது. அவர் செய்ததன் அடிப்படை நாமும் செய்யக்கூடியதுதான்: ஒரே ஜோடியை, ஒரே தண்ணீரில், அவசரப்படாமல், நடப்பதை வரிசை மாறாமல் குறித்துக்கொண்டே பார்ப்பது.

ஜன்னலுக்கு இன்னொரு பலம் பழக்கம். வீடு என்பது பறவைகளுக்கு ஒரு பாறை மாதிரி. தினமும் அங்கேயே இருக்கிறது, ஒன்றும் செய்வதில்லை. கண்ணாடிக்குப் பின்னால் மெதுவாக அசையும் மனிதரை அவை பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. நெற்றியில் வெள்ளை நாமம் போட்ட நாமக்கோழி கரையேறி, ஜன்னலுக்குச் சில அடி தூரத்தில் புல் மேய்வதை இப்படித்தான் பார்க்க முடிந்தது. அதன் காலை அவ்வளவு பக்கத்தில் பார்த்தால் மறக்கவே மாட்டீர்கள். வாத்துக்கு இருப்பதுபோல விரல்களை இணைக்கும் முழுச் சவ்வு கிடையாது. ஒவ்வொரு விரலிலும் தனித்தனியாக, வாழை இதழ் ஒட்டிவைத்ததுபோல அகன்ற மடல்கள் இருக்கும். அந்தக் காலை வைத்துத்தான் இந்தப் பருவத்தில் சண்டையும் போடும். இரண்டு கோழிகள் தண்ணீரில் பின்னால் சாய்ந்து, சிறகை ஊன்றிக்கொண்டு, ஒன்றையொன்று உதைத்துக்கொள்ளும். கரையில் நாம் நின்றிருந்தால் சண்டையை விட்டுவிட்டு இரண்டும் நாணலுக்குள் ஓடியிருக்கும்.

மழைத் தூறலும் குளிர்காற்றுமாக இருக்கும் நாட்களில் வெளியே போக மனம் வராது. அதே நாட்களில்தான் தகைவிலான்கள் ஏரிக்கு வரும். நிலத்துக்கு மேலே பூச்சிகள் பறக்காத அளவுக்குக் குளிராக இருக்கும்போதும் தண்ணீரிலிருந்து சிறு பூச்சிகள் பொரித்து மேலெழுந்துகொண்டிருக்கும். புதிதாக வந்து சேர்ந்த தகைவிலான்கள் பசியோடு தண்ணீரை உரசுவதுபோலத் தாழப் பறந்து அவற்றைப் பிடிக்கும். மோசமான வானிலை ஜன்னல்காரருக்கு நல்ல நாள்.

கணக்கு வைப்பதிலும் ஜன்னல்தான் எளிது. அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடபான் சொசைட்டி என்ற பறவைப் பாதுகாப்பு அமைப்பும் சேர்ந்து 2002இல் தொடங்கிய ஈபேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் ஒரே இடத்தில் நின்று எடுக்கும் பட்டியல் ஒரு வகை, நடந்துகொண்டே எடுக்கும் பட்டியல் இன்னொரு வகை. நடைப் பட்டியலில் தூரம், வழி, வேகம் எல்லாம் நாளுக்கு நாள் மாறும். அதே நாற்காலி, அதே 20 நிமிடம், அதே நீர்ப்பரப்பு என்று வைத்துக்கொண்டால், நேற்று 40 தட்டைவாயன் வாத்துகள் இருந்து இன்று 6 மட்டுமே இருப்பதன் காரணம் பெரும்பாலும் பறவைகளிடம்தான் இருக்கும். இரவோடு இரவாக அவை கிளம்பிப் போனதை இப்படித்தான் கண்டுபிடிக்கிறோம்.

ஜன்னலின் சிக்கல்கள்

முதல் சிக்கல் வெளிச்சம். வீடு ஏரியின் மேற்குக் கரையில் இருந்தால் ஜன்னல் கிழக்கே பார்க்கும். காலையில் சூரியன் நேராகக் கண்ணில் அடிக்கும். தண்ணீர் முழுக்க வெள்ளிப் பளபளப்பு, பறவைகள் எல்லாம் கறுப்பு நிழல்கள். நிழலை வைத்தே வாத்தையும் நீர்க்காகத்தையும் பிரித்தறியலாம் என்றாலும், இந்தப் பருவத்தின் நிறங்கள் வீணாகிப் போகும். அப்படிப்பட்ட வீட்டில் ஜன்னலை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கிழக்குக் கரை வீட்டுக்காரர் காலையில் சூரியன் முதுகுப்பக்கம் இருக்கப் பார்க்கலாம். பூமியின் வடபாதியில் வடக்குப் பார்த்த ஜன்னல் அமைந்தவருக்குப் பகல் முழுக்கவே நல்ல வெளிச்சம்தான்.

அடுத்தது கண்ணாடி. பைனாகுலரைக் கண்ணாடிக்கு நேராக, சாய்க்காமல், முடிந்தவரை ஒட்டிப் பிடித்தால் படம் ஓரளவு தெளிவாகவே கிடைக்கும். ஒரு கண்ணால் பார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப் அப்படியில்லை. 30, 40 மடங்கு பெரிதாக்கும்போது இரட்டைக் கண்ணாடியின் சிறு குறைகளும் சேர்ந்தே பெரிதாகிவிடும். சரி, ஜன்னலைத் திறந்துவிடலாம் என்றால், வீட்டுக்குள்ளிருக்கும் சூடான காற்று வெளியேறிக் குளிர்காற்றோடு கலக்கும் இடத்தில் படம் கானல்போல நெளியும். அந்த ஒரு அறையில் வெப்பமூட்டியை அணைத்து, கதவைச் சாத்தி, அறையும் வெளியும் ஒரே குளிருக்கு வந்த பிறகு பாருங்கள். அதைவிட எளிது, கம்பளியைப் போர்த்திக்கொண்டு திண்ணையில் உட்கார்வது.

மூன்றாவது சிக்கல்தான் என்னை அதிகம் வருத்துவது. ஏரியைப் பார்க்க என்று பெரிய கண்ணாடி வைக்கிறோம். அதில் வானமும் மரமும் பிரதிபலிக்கும். வலசை வந்த பறவை அதை வெளி என்று நம்பிப் பறந்து வந்து மோதும். அமெரிக்காவில் மட்டும் கட்டடங்களில் மோதி ஆண்டுக்கு 36.5 கோடி முதல் 98.8 கோடி பறவைகள் வரை இறக்கின்றன என்பது 2014இல் வெளியான ஓர் ஆய்வின் மதிப்பீடு. பருந்து உருவம் ஒன்றை ஒட்டிவைப்பதால் பயன் அதிகமில்லை. கண்ணாடியின் வெளிப்பக்கம் முழுவதும் சுமார் 5 சென்டிமீட்டர் இடைவெளியில் புள்ளிகளோ கோடுகளோ இருந்தால் பறவைகள் விலகிப் போகும். நம் பார்வைக்குக் கொஞ்சம் தொந்தரவுதான், இரண்டு நாளில் பழகிவிடும். ஜன்னலிலிருந்து பார்ப்பதென்று முடிவு செய்தால் முதல் வேலையாக இதைச் செய்யுங்கள், பைனாகுலர் வாங்குவதற்கும் முன்னால்.

கரை

ஜன்னல் தராதவற்றில் முதலாவது சத்தம். நாணலுக்குள் பாடும் சிறு பறவைகளைக் கண்ணால் பார்ப்பதற்கு முன் காதால்தான் கண்டுபிடிக்க வேண்டும், மூடிய கண்ணாடிக்குள் அது வராது. இரண்டாவது, தண்ணீர் விளிம்பு. பெரும்பாலான வீடுகளிலிருந்து ஏரியின் நடுப்பகுதி நன்றாகத் தெரியும், நம் பக்கத்துச் சேறும் கல்லும் சரிவில் மறைந்துவிடும். வாலாட்டியும் உள்ளானும் இரை தேடுவது அங்கேதான்.

உறையும் ஏரியாக இருந்தால் கரைநடைக்கு இன்னொரு வலுவான காரணம் உண்டு. பனிக்கட்டி எல்லா இடத்திலும் ஒரே நாளில் உருகுவதில்லை. ஓடை வந்து சேரும் வாய், தண்ணீர் வெளியேறும் மதகு, வெயில் நன்றாக விழும் ஆழமற்ற வளைவு ஆகியவைதான் முதலில் திறக்கும். ஏரி முழுக்க வெள்ளையாக இருக்க, ஒரு வீட்டு முற்றம் அளவே உள்ள அந்தத் தண்ணீரில் வாத்துகள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். உங்கள் ஜன்னல் அந்தப் பக்கம் பார்க்கவில்லையென்றால், முதல் இரண்டு வாரம் தயங்காமல் நடந்து போங்கள். பனிமேல் மட்டும் கால் வைக்க வேண்டாம். உருகும் காலத்துப் பனி பார்ப்பதற்குக் கெட்டியாக இருந்தாலும் உள்ளே இற்றுப் போயிருக்கும்.

மரங்கள் இன்னும் இலை விடாமல் நிற்பது கரையில் நடப்பவருக்கு வரம்போலத் தோன்றும். கிளையில் இருக்கும் ஒவ்வொரு பறவையும் தெரிகிறதே! ஆனால் அதே மொட்டை மரங்களுக்கு நடுவே வரும் நம்மையும் ஒவ்வொரு பறவையும் பார்த்துக்கொண்டிருக்கிறது. கோடையில் 20 மீட்டர் வரை விட்ட பறவை இப்போது 60 மீட்டரிலேயே எழுந்துவிடலாம். இதற்கு நான் கண்ட வழி, நடப்பதைக் குறைத்து நிற்பதைக் கூட்டுவது. பத்து நிமிட நடைக்கு இருபது நிமிட நிற்றல்.

உள்ளான் ஒன்று எனக்கு இதைப் புரியவைத்தது. பின்பகுதியை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே விளிம்பில் இரை தேடிய சிறு உள்ளான் அது. நான் நெருங்கியதும் சிறகை விறைப்பாக வைத்துச் சின்னச் சின்னத் துடிப்பாகத் தண்ணீரை ஒட்டிப் பறந்து, அரைவட்டம் போட்டு, எனக்கு முன்னால் 50 மீட்டரில் இறங்கியது. நான் நடந்தேன், அது மறுபடி எழுந்தது. இப்படி ஐந்தாறு முறை. கரை முழுக்க அதை விரட்டிக்கொண்டே போகிறேன் என்பது எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது. நீண்ட பயணத்துக்கு நடுவே சாப்பிட இறங்கிய பறவை. அன்றிலிருந்து, ஒரு பறவை இரண்டாவது முறை எனக்காக எழுந்தால் நீர்விளிம்பை விட்டு மேலேறிப் பின்பக்கமாகச் சுற்றிப் போகிறேன்.

கையில் எந்தப் பைனாகுலர்? ஏரி என்றால் தூரம் அதிகம், அதனால் 10x42 வாங்குங்கள் என்று பலரும் சொல்வார்கள். நான் 8x42 பக்கம். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது, இரண்டாவது முன்கண்ணாடியின் விட்டம் மில்லிமீட்டரில். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் கண்ணுக்குள் வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும்: 8x42இல் 5.25 மில்லிமீட்டர், 10x42இல் 4.2. விடியும் முன் மங்கலில் நம் கண்பாவை விரிந்திருக்கும்போது இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். 8 மடங்கில் பார்வைப் பரப்பும் அகலம், பொதுவாக 1000 மீட்டரில் 130 மீட்டர் அளவுக்கு. 10இல் அது 110 பக்கம் குறைந்துவிடும். பறக்கும் தகைவிலானைத் தொடர அந்த அகலம் வேண்டும். இதற்கெல்லாம் மேலே, 10 மடங்கு பெரிதாக்கினால் கை நடுக்கமும் 10 மடங்கு. ஏரிக்கரைக் காற்றில் அதைச் சமாளிப்பது கடினம். தூரத்துக்கு வேண்டுமென்றால் டிரைபாடில் நிற்கும் ஸ்கோப்பைத் திண்ணையில் வைத்துக்கொள்ளலாம். தண்ணீரும் காற்றும் வேறுவேறு சூட்டில் இருக்கும் மதியத்தில் அதையும் நம்ப முடியாது. தூரத்துப் பறவை நீருக்கு மேல் நெளிந்து தெரியும். ஸ்கோப்புக்குக் காலைதான்.

படகு

படகின் கவர்ச்சி எனக்குத் தெரியும். பறவையின் கண்மட்டத்தில் நம் கண் இருக்கும். வீட்டிலிருந்தும் கரையிலிருந்தும் எட்டாத நாணல் மறைவுகள் திறக்கும். துடுப்பை எடுத்துவிட்டுச் சும்மா மிதந்தால் சில பறவைகள் நம்மைத் தாண்டியே நீந்திப் போகும். இருந்தும் இந்தப் பருவத்தில் வேண்டாம் என்கிறேன்.

காரணம் பறவைகள் எழும்பும் விதத்தில் இருக்கிறது. கிளுவை, ஊசிவால் வாத்து மாதிரி தலையை மட்டும் தண்ணீரில் கவிழ்த்து மேயும் வாத்துகள் ஓடாமலேயே நேராக மேலே கிளம்பிவிடும். முங்கி இரை தேடும் வாத்துகளுக்கும் நாமக்கோழிக்கும் அது முடியாது. தண்ணீர்மேல் தடதடவென்று ஓடி வேகம் பிடித்துத்தான் எழும்ப வேண்டும். படகு ஒருமுறை நெருங்கினால் நூறு பறவைகள் ஒன்றாக ஓடும். வலசைக்குச் சேர்த்துவைத்த சக்தி அதில்தான் செலவாகிறது. நாம் போன பிறகு அவை திரும்பி வந்து உட்காருவதைப் பார்த்தால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்று தோன்றும், அந்தச் செலவு கண்ணுக்குத் தெரியாது.

கூடுகளும் ஒரு காரணம். முக்குளிப்பானின் கூடு பாசியும் மட்கிய தண்டும் சேர்ந்த மிதக்கும் மேடு. விசைப்படகின் அலை ஒன்று போதும், முட்டை நனையவும் உருளவும். துடுப்புப் படகு நெருங்கினாலும் அடைகாக்கும் பறவை இறங்கிப் போகும். நேரம் இருந்தால் பாசியை இழுத்து முட்டைகளை மூடிவிட்டுப் போகும். திடீரென்று வந்தால் மூட நேரமிருக்காது, மேலே சுற்றும் காகத்துக்கு முட்டைகள் வெளிச்சமாகத் தெரியும்.

அப்புறம் நம் உயிர். வெயில் இதமாக இருக்கும், தண்ணீர் இன்னும் குளிர்காலத்திலேயே இருக்கும். 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உள்ள தண்ணீரில் திடீரென விழுந்தால் நம்மையறியாமல் மூச்சை உள்ளே இழுப்போம். அந்த நொடியில் தலை நீருக்குள் இருந்தால் நீச்சல் தெரிந்தவரும் தப்புவது கடினம். எந்தக் காரணத்துக்காகப் படகை எடுத்தாலும் லைஃப் ஜாக்கெட்டை உடம்பில் போட்டிருக்க வேண்டும், படகில் வைத்திருந்தால் போதாது.

மறைவுக் கூடாரம் பற்றியும் ஒரு வார்த்தை. படம் எடுப்பவர்களுக்கு அது நல்லது. விடியும் முன் உள்ளே போய், பறவைகள் விலகிய பிறகு வெளியே வரப் பொறுமை இருந்தால் அமையுங்கள். கூட்டுக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம். பார்ப்பது மட்டுமே நோக்கம் என்றால் வீடே போதுமான மறைவு.

உங்கள் வீட்டுக்கு எது?

ஜன்னலுக்கும் தண்ணீருக்கும் நடுவே நாணல் அடர்ந்து நின்றால், அல்லது நாள் முழுக்கச் சூரியன் எதிரே அடித்தால், கரையை முதலில் வையுங்கள். அப்போதும் நடந்துகொண்டே இருக்காமல், கரையில் ஒரு கல்லையோ மரத்தடியையோ தேர்ந்தெடுத்து அங்கே தினமும் ஒரே நேரத்தில் உட்காருங்கள். ஒரு வாரத்தில் அந்த இடம் உங்கள் ஜன்னலாகிவிடும். ஏரி மிகப் பெரிதாகவும் பறவைகள் அக்கரையிலும் இருந்தால் ஸ்கோப் இல்லாமல் ஜன்னலால் பலனில்லை. சிறு பிள்ளைகளோ நடக்க முடியாத பெரியவர்களோ வீட்டில் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், ஜன்னல்தான். ஒரு பைனாகுலரை அங்கேயே தொங்கவிட்டுவைத்தால் முதலில் எதையாவது கண்டுபிடித்துக் கூப்பிடுவது அவர்களாகத்தான் இருக்கும்.

என் வாரம் இப்படிப் போகிறது. தினமும் விடிந்ததும் 20 நிமிடம் ஜன்னல், மாலையில் முடிந்தால் இன்னொரு 20 நிமிடம் திண்ணை. வாரத்தில் ஒருநாள், காற்றில்லாத காலையாகப் பார்த்து, கரை நடை. ஜன்னலில் இருந்து பார்த்துப் புரியாமல் போன ஏதாவது ஒன்றை மனதில் வைத்துக்கொண்டுதான் நடக்கக் கிளம்புவேன், நாணலின் அந்த மூலைக்கு நாமக்கோழி ஏன் திரும்பத் திரும்பக் குச்சி கொண்டுபோகிறது என்பது மாதிரி.

படகு கொட்டகையில் கவிழ்ந்தே கிடக்கும். முக்குளிப்பான் குஞ்சுகள் பொரித்து, முகத்தில் கறுப்பு வெள்ளைக் கோடுகளோடு தாயின் முதுகிலும் தந்தையின் முதுகிலும் மாறி மாறிச் சவாரி போவதை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பேன். அவை முதுகைவிட்டு இறங்கித் தாமாகவே முங்கி மீன் பிடிக்கத் தொடங்கும் வாரத்தில்தான் துடுப்பைத் தேடி எடுப்பேன்.